வாக்கு ஒரு பக்கம், பால் ஒரு பக்கம்: வன்னிப் பால் சங்கம் ஒன்று உடையாமல் நின்ற விதம்

கூட்டுறவுச் சங்கத்தில் சத்தம் போடுகிற அங்கத்தவரைக் கண்டு பயப்படத் தேவையில்லை. பொதுக்கூட்டத்தில் மேசையில் தட்டிக் கதைப்பவர் அடுத்த நாள் விடியவும் பால் கொண்டுவருவார். ஒன்றும் சொல்லாமல், கொடுத்த தேத்தண்ணியையும் குடிக்காமல் எழுந்து போகிறாரே, அவரைத்தான் கவனிக்க வேண்டும். ஒரு கிழமைக்குள் அவருடைய பால் சந்தியில் வந்து நிற்கும் தனியார் வானில் ஏறிவிடும்.

அப்படி ஏறப்போன பால் எப்படித் திரும்பிச் சங்கத்துக்கு வந்தது என்பதுதான் இந்த ஆய்வின் விடயம். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் பால் சங்கங்கள் சிலவற்றில் நடந்தவற்றை ஒன்றாகச் சேர்த்து, ஒரே சங்கத்தின் கதையாக எழுதியிருக்கிறேன். ஊர் சிறியது. பெயரைச் சொல்லாவிட்டாலும் மாட்டை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் ஆட்களின் விபரங்களை மாற்றியிருக்கிறேன். பிணக்கையும் அது தீர்ந்த முறையையும் மாற்றவில்லை.

இரண்டு விதமான மாட்டுக்காரர்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில் இறங்கி, கிரவல் ஒழுங்கைகளால் உள்ளே போனால் வருகிற ஊர்கள் இவை. காணி மேட்டுக்காணி, தண்ணீர் கிணற்றுத் தண்ணீர். படித்த வாலிபர் திட்டத்தில் காணி பெற்று வந்தவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் தீவுப்பகுதிகளிலிருந்தும் கலியாணம் முடித்து வந்தவர்களும் உண்டு. 2009இல் எல்லோரும் ஒன்றாகத்தான் இடம்பெயர்ந்தார்கள், முகாமில் ஒரே வரிசையில்தான் நின்றார்கள். திரும்பி வந்தபோது ஒரே நிலையில் வரவில்லை.

சிலருக்குச் சுட்டிருந்த குறியை வைத்துப் பழைய மாடுகள் திரும்பக் கிடைத்தன. அந்த மாடுகள் பெருகிப் பட்டியாயின. நாட்டு மாடுகள் காலையில் திறந்துவிட்டால் காட்டோரமும் தரவை என்கிற திறந்த புல்வெளியிலும் மேய்ந்துவிட்டு வரும். மாட்டுக்கு மாடு பால் கொஞ்சம்தான், ஆனால் எண்ணிக்கை அதிகம். மற்றப் பக்கம், உதவித் திட்டங்களில் ஒன்றோ இரண்டோ கலப்பின மாடு கிடைத்த குடும்பங்கள். இவற்றில் பல பெண் தலைமைத்துவக் குடும்பங்கள். மாடு வீட்டுக் கொட்டிலில் நிற்கும். புல் வெட்டிப் போட வேண்டும், தவிடு புண்ணாக்கு வாங்க வேண்டும். ஒரு மாடு நிறையக் கறக்கும், பால் சற்று மெல்லியது.

இந்த இரண்டு சாராரும் சேர்ந்துதான் சங்கம். இரண்டு சேகரிப்பு நிலையங்கள், ஒரு குளிரூட்டி, ஒரு முகாமையாளர், பால் பரிசோதனைக்கு ஒரு இளம் பெண் ஊழியர். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தலைவர், ஊரில் அவருக்கு ‘மாஸ்ரர்’ என்றுதான் பெயர். கணவரை இழந்து இரண்டு மாட்டோடு தொடங்கிய ஒரு அக்கா செயலாளர். பட்டிக்காரர்களின் சார்பில் செயற்குழுவில் இருந்தவரை இங்கே பெரியண்ணை என்கிறேன். செயலாளர் அக்காவுக்கு அவர் மச்சான் முறை.

எதற்காகப் பிணங்கினார்கள்

பால் வாங்கும் கம்பனி சங்கத்துக்குக் காசு கொடுப்பது கொழுப்பையும், கொழுப்பற்ற திண்மத்தையும் (பாலில் நீரும் கொழுப்பும் போக மிஞ்சும் புரதம், சீனி போன்றவை) பார்த்து. சங்கமோ அங்கத்தவருக்கு லீற்றருக்கு இவ்வளவு என்று ஒரே விலை கொடுத்தது. தொடக்கத்தில் அது நல்ல ஏற்பாடுதான். எல்லோரும் வெறுங்கையோடு வந்த நேரத்தில் உன் பால் என் பால் என்று பிரித்துப் பார்க்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

சங்கத்தில் காசு புழங்கத் தொடங்கியதும் கேள்வி வந்தது. எங்கள் கொழுப்புப் பாலால் கிடைக்கிற விலையை மெல்லிய பாலுக்கும் பிரித்துக் கொடுக்கிறீர்கள் என்றார்கள் பட்டிக்காரர். எங்களுக்குத் தீவனச் செலவு இருக்கிறது, உங்கள் மாடு காட்டில் சும்மா மேய்கிறது என்றார்கள் வீட்டு மாட்டுக்காரர். இரண்டு பேச்சிலும் உண்மை இருந்தது. கூடவே இன்னொரு பேச்சும் கிளம்பியது. அதுதான் விஷம்: “அவை தண்ணி விடுகினம்.”

பட்டிக்காரர் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் சங்கத்துக்கு வரும் பாலில் பெரும் பங்கு அவர்களுடையது. கூட்டுறவில் ஆளுக்கொரு வாக்கு. 1844இல் இங்கிலாந்தின் ரொச்டேலில் தொடங்கிய காலத்திலிருந்து இந்த இயக்கம் கைவிடாத விதி அது. ஆயிரம் லீற்றர் தருபவருக்கும் ஒன்றுதான், நாலு போத்தல் தருபவருக்கும் ஒன்றுதான். வாக்கெடுத்தால் வீட்டு மாட்டுக்காரர் வெல்வது உறுதி. வென்ற மறுநாள் பட்டிப் பால் தனியார் வானுக்குப் போவதும் உறுதி. அந்தப் பால் போனால் குளிரூட்டி பாதிகூட நிரம்பாது, லொறி வந்துபோகிற செலவு கட்டாது, கம்பனியும் ஊருக்குள் வர யோசிக்கும். வாக்கு ஒரு பக்கமும் பால் மறு பக்கமும் இருக்கிற சங்கத்தில் பெரும்பான்மை வெற்றி என்பது சங்கத்தைச் சாகக்கொடுக்கிற வெற்றியாகவும் முடியலாம். ஒற்றுமை பற்றிக் கதைக்கிறவர்கள் பலர் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. மனம் ஒத்துப்போனால் எல்லாம் சரிவரும் என்கிறார்கள். இந்த ஊரில் மனத்தில் குறையில்லை, ஏற்பாட்டில்தான் குறை இருந்தது.

விரிசல் வீட்டுக்குள்ளும் போனது. செயலாளர் அக்காவின் மகளுடைய சாமத்திய வீட்டுக்குப் பெரியண்ணை வரவில்லை. மொய் மட்டும் ஆளிடம் கொடுத்தனுப்பினார். வன்னியில் அதன் பொருள் எல்லோருக்கும் தெரியும். கூட்டத்தில் ஏச்சுப்பட்டால் ஆறும். வீட்டுச் சடங்குக்கு வராமல் விட்டால் அது இரண்டு குடும்பத்துக்கும் தலைமுறைக் கதையாகிவிடும்.

மாஸ்ரர் வாக்கெடுப்பை ஒத்திவைத்தார்

பொதுக்கூட்டத்தில் ஒருவர் எழும்பி, இப்போதே கை உயர்த்திப் பார்ப்போம் என்றார். மாஸ்ரர் மறுத்தார். அவர் சொன்னது இவ்வளவுதான்: “தண்ணி விடுகினம் எண்டு சொல்லுறியள். கொழுப்புக் கூட எண்டு சொல்லுறியள். ஆராவது அளந்து பாத்தனியளே? முதல் அளப்பம். பிறகு கணக்குப் பாப்பம். அதுக்குப் பிறகு வாக்கு.” ஒரு மாதம் தள்ளிவைத்தார்கள். இந்த நிகழ்வில் எடுக்கப்பட்ட முடிவுகளில் மிகச் சிறந்தது இதுதான் என்பது என் எண்ணம். கூட்டம் சூடாக இருக்கும்போது கை உயர்த்தச் சொல்வது ஜனநாயகம் போலத் தெரியும். கையை உயர்த்திய மனுசனுக்கு அதன் பிறகு தன் கருத்தை மாற்றிக்கொள்வது மானப் பிரச்சினை.

இரண்டு கிழமை எல்லா அங்கத்தவருடைய பாலையும் தனித்தனியாகச் சோதிப்பது என்று தீர்மானித்தார்கள். பரிசோதனை செய்யும் தங்கச்சிக்குப் பக்கத்தில் இரண்டு சாராரிலிருந்தும் ஒவ்வொருவர் நிற்க வேண்டும். பட்டிக்காரர் சார்பில் யார் நிற்பது என்று கேட்டபோது, பெரியண்ணையே நிற்கட்டும் என்றார் செயலாளர் அக்கா. அந்த நேரத்தில் அவர்கள் இருவருக்கும் கதை பேச்சில்லை.

அந்தச் சோதனை மேசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பிணக்கு இளகியது அங்கேதான். பாலின் கொழுப்பை அளக்கும் கேர்பர் முறையில் ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் முதலில் 10 மில்லிலீற்றர் சல்பூரிக் அமிலம் விட வேண்டும். அதன்மேல் 10.75 மில்லிலீற்றர் பாலை, அமிலத்தோடு சட்டென்று கலந்துவிடாதபடி சுவரோரமாக மெல்ல இறக்க வேண்டும். பிறகு 1 மில்லிலீற்றர் அமைல் அல்ககோல். றப்பர் மூடியை இறுக்கி, துணியைச் சுற்றிப் பிடித்துக் குலுக்கினால் பால் தயிர்போலத் திரண்டு, பிறகு கரைந்து கடும் மண்ணிறமாகும். துணிக்கு மேலாலும் கை சுடும். சுழற்றும் பொறியில் சில நிமிடம் சுற்றி எடுத்து, 65 பாகை வெந்நீரில் வைத்தால் மேலே மஞ்சள் எண்ணெய்போலக் கொழுப்பு தனியாக நிற்கும். குழாயின் ஒடுங்கிய கழுத்தில் உள்ள கோடுகளில் அது எத்தனை என்று வாசிக்க வேண்டும்.

பெரியண்ணை முதல் நாள் தள்ளி நின்றுதான் பார்த்தார். அடுத்தடுத்த நாட்களில் குழாயை வெளிச்சத்துக்கு நேரே கண்மட்டத்தில் பிடித்து, மஞ்சள் எங்கே தொடங்குகிறது எங்கே முடிகிறது என்று தானே சத்தமாக வாசிக்கத் தொடங்கினார். தங்கச்சி எழுதினாள். வீட்டு மாட்டுக்காரர் சார்பில் நின்ற பெண் சரிபார்த்தார். பெறுபேற்றை அங்கத்தவர் இலக்கத்தோடு மட்டும் பலகையில் எழுதினார்கள். பெயர் எழுதவில்லை. இலக்கம் யாருடையது என்று கேட்டறிய ஊருக்கு அதிக நேரம் எடுத்திருக்காது. என்றாலும் பெயர் இல்லாத பலகை ஒருவரையும் தலைகுனிய வைக்கவில்லை.

வந்த பெறுபேறு இரண்டு பக்கத்தின் வாயையும் கொஞ்சம் அடைத்தது.

பட்டிப் பாலில் கொழுப்பு கூடத்தான் இருந்தது, ஆனால் அவர்கள் சொன்ன அளவுக்கு இல்லை. காரணம் கன்று. பட்டியில் கன்றுக்கென்று கடைசிப் பாலை மடியில் விட்டுவிடுவது வழக்கம். கறவையின் தொடக்கத்தில் வரும் பால் மெல்லியது, மடியில் கடைசியாக நிற்கும் பால்தான் கொழுத்தது. அதைக் கன்று குடித்துவிட, சங்கத்துக்கு வருவது முதற்பால். அதேபோல மாலைப் பாலில் கொழுப்புக் கூட இருக்கும். இரவு முழுக்க ஊறி மடி நிறைந்து வரும் காலைப் பாலில் அது குறையும். பட்டிக்காரர் கறப்பது பெரும்பாலும் காலையில் மட்டும்தான். இந்த இரண்டையும் கேட்டபோது பெரியண்ணை நெடுநேரம் பலகையைப் பார்த்தபடி நின்றாராம்.

தண்ணீர்க் கதையும் வேறு விதமாக முடிந்தது. லக்ரோமீற்றர் பாலின் அடர்த்தியைக் காட்டும் கருவி. தண்ணீர் கலந்தால் வாசிப்பு இறங்கும். பால் சூடாக இருந்தாலும் இறங்கும். கறந்த கையோடு, நுரையும் காற்றும் அடங்காத பாலில் விட்டாலும் குறைத்தே காட்டும். சேகரிப்பு நிலையத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்தான் கறந்து பத்து நிமிடத்தில் கொண்டுவந்து கொடுப்பவர்கள். வருடக்கணக்காகத் ‘தண்ணி விடுகிறவை’ என்று ஊர் சொன்னதும் பெரும்பாலும் அவர்களைத்தான். கொஞ்ச நேரம் ஆறவிட்டு, வெப்பநிலைக்குத் திருத்தம் செய்து அளந்தபோது அநேகமானோரின் பால் சரியாக இருந்தது. உண்மையில் தண்ணீர் கலந்திருந்த ஒன்றிரண்டு பேரும் இருந்தார்கள். அவர்கள் இரண்டு சாராரிலும் இருந்தார்கள். அவர்களை மாஸ்ரர் தனியே கூப்பிட்டுக் கதைத்தார், பலகையில் ஏற்றவில்லை.

கணக்கும் தீர்மானமும்

அடுத்த கூட்டத்துக்கு முன் முகாமையாளர் ஒரு எளிய கணக்கை எழுதி இரண்டு நிலையங்களிலும் ஒட்டினார். ஒருவர் 3.5 வீதக் கொழுப்போடு 10 லீற்றர் தருகிறார், மற்றவர் 5 வீதத்தோடு 10 லீற்றர் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கொழுப்பை மட்டும் பார்த்தால் இரண்டாமவருக்கு நூற்றில் 59 ரூபாய் போக வேண்டும், ஒரே விலையில் அவருக்குக் கிடைப்பது 50. ஆனால் கொழுப்பற்ற திண்மத்துக்கும் கம்பனி காசு கொடுக்கிறது. அது இரண்டு பாலிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். விலையின் பாதி அதற்கென்றால் இரண்டாமவருடைய நியாயமான பங்கு ஏறத்தாழ 54. பட்டிக்காரர் இழப்பதாக நினைத்தது 9, கணக்கில் நின்றது 4. மற்றப் பக்கத்தார் ஒன்றுமே இல்லை என்று வாதாடிய இடத்திலும் 4 நின்றது.

சண்டை உண்மையில் இந்த நாலு ரூபாய்க்குத்தான் என்று தெரிந்த பிறகு பேச்சின் தொனியே மாறியது.

தீர்மானம் இப்படி வந்தது. தரம் உள்ள எல்லாப் பாலுக்கும் ஒரு அடிப்படை விலை. சங்கச் சராசரிக்கு மேல் கொழுப்பு உள்ள பாலுக்கு ஒரு மேலதிகக் கொடுப்பனவு. அடிப்படை விலை இப்போது கிடைப்பதற்குக் கீழே போகக் கூடாது. மேலதிகக் கொடுப்பனவுக்கான காசைச் சங்கத்தின் கழிவிலிருந்து (விற்ற காசில் சங்கம் தனக்கென்று பிடித்துவைக்கும் பங்கு) எடுப்பது. ஒவ்வொரு நாளும் அமிலச் சோதனை செய்தால் செலவு தாங்காது. ஆகவே லக்ரோமீற்றர் தினமும், கொழுப்புச் சோதனை மாதத்தில் மூன்று தடவை, எந்த நாள் என்று முன்கூட்டிச் சொல்லாமல்.

இதற்கும் ஒரு விலை இருந்தது. கழிவு குறைந்தால் தைப்பொங்கலுக்குக் கிடைக்கிற மிகைக் கொடுப்பனவு குறையும். அந்தக் காசை நம்பிப் பிள்ளைகளின் பாடசாலைச் சப்பாத்து வாங்கும் வீடுகள் உண்டு. அந்தப் பெண்களில் சிலர் இறுதிவரை எதிர்த்தார்கள், அவர்களுடைய வாதமும் நியாயமானது.

வாக்கெடுப்புக்கு முன் மாஸ்ரர் இரண்டு வேலை செய்தார். எதிர்ப்பவர்களின் காரணங்களை அவர்கள் சொன்ன சொல்லிலேயே கூட்ட அறிக்கைப் புத்தகத்தில் எழுதுவித்து, அவர்களிடமே வாசித்துக் காட்டினார். ஆறு மாதம் கழித்து அதே பக்கத்தைத் திறந்து, அவர்கள் சொன்னது நடந்ததா என்று பார்ப்பது என்றும் எழுதுவித்தார். இரண்டாவது, வாக்குகளை இரண்டு சேகரிப்பு நிலையங்களுக்கும் தனித்தனியாக எண்ணுவது. ஒரு நிலையம் பட்டிப் பக்கம், மற்றது குடிமனைப் பக்கம். சட்டப்படி மொத்தப் பெரும்பான்மை போதும். ஆனால் இரண்டு நிலையத்திலும் பெரும்பான்மை வராவிட்டால் தீர்மானத்தை நிறைவேற்றாமல் ஒரு மாதம் தள்ளிவைத்துத் திரும்பக் கதைப்பது என்று ஒரு வழக்கத்தைத் தொடங்கினார்கள். உபவிதியில் இல்லாத வழக்கம் அது. ஆளுக்கொரு வாக்கு என்ற விதியை அது மீறவில்லை, அவசரத்துக்கு மட்டும் ஒரு தடை போட்டது. விலைச் சூத்திரத்தைவிட இந்த வழக்கத்தைத்தான் மற்றச் சங்கங்கள் கவனிக்க வேண்டும் என்பேன்.

தீர்மானம் இரண்டு நிலையத்திலும் நிறைவேறியது. குடிமனைப் பக்கத்தில் மயிரிழையில்தான். சிலர் விலகிப் போனார்கள், அவர்களில் ஒரு பகுதியினர் பிறகு திரும்பினார்கள்.

பெரியண்ணையைச் சோதனை மேற்பார்வைக் குழுவில் நிரந்தரமாக வைத்தார்கள். அவருடைய பக்கம் முழுதாக வெல்லவில்லை. கேட்டதில் பாதிதான் கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு சோதனையிலும் அவருடைய கண் இருந்தது. பட்டிக்காரர் யாராவது தங்கள் பெறுபேறு பிழை என்று வந்தால், பதில் சொன்னவர் அவர்தான். சடங்குக்கு வராத கதை எப்படித் தீர்ந்தது என்றால், கோயில் திருவிழாவில் செயலாளர் அக்காவின் மகள் போய்ப் பெரியண்ணைக்குத் திருநீறு கொடுத்தாள், அவர் அவள் தலையில் கைவைத்தார். பெரியவர்கள் அதைப் பற்றி ஒன்றும் கதைத்துக்கொள்ளவில்லை.

2022

அந்த வருடத்தின் மார்ச் இறுதியில் நாடு முழுவதும் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. குளிரூட்டி நின்றது. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை, கான்களோடு வரிசையில் நின்றும் கிடைக்கவில்லை. ஒரு நாள் இரவு தொட்டியில் இருந்த பால் திரைந்துபோனது. நட்டம் யாருடையது? அன்று பால் தந்தவர்களுடையது என்றார் ஒருவர். மின்வெட்டை எந்த அங்கத்தவரும் கொண்டுவரவில்லை, அந்த மாதம் பால் தந்த எல்லோரும் லீற்றர் வீதப்படி தாங்குவோம் என்று முடிவாயிற்று. அதிக பால் தருபவர்கள் அதிகம் தாங்க வேண்டிய முடிவு அது. பட்டிக்காரர் அதை எதிர்க்கவில்லை. விலைப் பிணக்கு தீராமல் இருந்த காலத்தில் இதைக் கேட்டிருந்தால் அன்றைக்கே சங்கம் இரண்டாகியிருக்கும்.

கடும் சோதனை டிசம்பரில் வந்தது. மண்டோஸ் புயல் நேரம் அடித்த குளிர்காற்றும் மழையும் தாங்காமல் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் செத்தன. கொட்டிலில் நின்ற மாடுகள் பெரும்பாலும் தப்பின. வெட்டவெளிப் பட்டியில் நின்ற மாடுகள், அதிலும் கன்றுகளும் மெலிந்த மாடுகளும், விடியும்போது விறைத்துக் கிடந்தன. காலபோக நெல் வயலில் நிற்கும் மாதம் அது. மாடுகளை வயலுக்குத் தூரமாய்க் காட்டோரம் கொண்டுபோய் விட்டிருந்தார்கள், மேய்ச்சலும் பற்றாத காலம்.

உதவ வேண்டும் என்ற பேச்சை எடுத்தது வீட்டு மாட்டுக்காரர் பக்கத்துப் பெண் ஒருவர். விலைத் தீர்மானத்தை இறுதிவரை எதிர்த்தவர்களில் அவரும் ஒருவர். ஒதுக்க நிதியில் நினைத்தபடி கைவைக்க முடியாது. ஆகவே மூன்று மாதத்துக்கு லீற்றருக்கு ஒரு சிறு தொகையைக் கழித்துக்கொள்ளச் சம்மதிப்பவர்கள் கையெழுத்துப் போடலாம் என்றார்கள். எல்லோரும் போடவில்லை. “எங்கட மாட்டுக்கு அம்மை போட்டுக் கிடக்கேக்கை ஆர் தந்தவை?” என்று கேட்டார் ஒருவர். தோல் கழலை நோய் வந்த காலத்தில் அவருடைய ஒரே மாடு கறவை வற்றிப்போனது, சங்கம் ஒன்றும் செய்யவில்லை. அந்தக் கேள்வியையும் அறிக்கைப் புத்தகத்தில் எழுதினார்கள். கையெழுத்துப் போடாதவரின் பெயரைப் பலகையில் போடக் கூடாது என்றும் முடிவெடுத்தார்கள்.

சேர்ந்த காசைப் பணமாகப் பிரிக்கவில்லை. பட்டியில் மழைக்கும் காற்றுக்கும் மறைப்பாகக் கொட்டில் போடத் தகரமும் கம்பும் வாங்கினார்கள். ‘காட்டில் சும்மா மேய்கிற மாடு’ என்று முன்பு சொன்னவர்கள் கொட்டில் போட ஆளாய் வந்து நின்றார்கள். பட்டிக்காரரும் மாடு வளர்ப்பில் செலவு என்றால் என்ன என்பதை அதற்குப் பிறகு வேறு மாதிரிக் கதைத்தார்கள்.

சரிவராமல் போனவை

எல்லா முயற்சியும் பலிக்கவில்லை. செயற்குழுவில் கதைத்ததை வெளியில் கதைக்கக் கூடாது என்று ஒரு கட்டத்தில் விதி போட்டார்கள். வெளியார் கண்ணுக்குச் சங்கம் ஒரே குரலில் பேச வேண்டும் என்பது நோக்கம். இப்படியான விதிகளை நானும் பல இடங்களில் கண்டிருக்கிறேன். கிராமத்தில் இது நிற்காது. செத்த வீட்டுக் கொட்டிலிலும் கோயில் மடப்பள்ளியிலும் எல்லாம் கதைக்கப்படும். வாய்பூட்டிய குழுவைப் பற்றிய வதந்தி, நடந்த சண்டையைவிடப் பெரிதாக இருக்கும். சில மாதத்தில் அதைக் கைவிட்டார்கள். பதிலாக, கருத்து மோதல் வந்த ஒவ்வொரு முடிவையும் ஆதரித்தவர் ஒருவரும் எதிர்த்தவர் ஒருவரும் சேர்ந்து போய் இரண்டு நிலையத்திலும் விளக்குவது என்று வைத்தார்கள். எதிர்த்தவர் “நான் ஒத்துக்கொள்ளேல்லை, ஆனால் முடிவு இதுதான், இன்ன காரணத்துக்காக எடுத்தவை” என்று தன் வாயாலேயே சொல்லும்போது வதந்திக்கு வேலை இல்லாமல் போனது.

பிணக்கைக் கூட்டுறவுத் திணைக்களத்துக்குக் கொண்டுபோவது பற்றியும் யோசித்தார்கள். 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தில் பிணக்குகளை நடுத்தீர்ப்புக்கு விடும் ஏற்பாடு இருக்கிறது. 13ஆவது திருத்தத்தின்படி கூட்டுறவு மாகாணத்தின் கையில் உள்ள விடயம், மாவட்டத்தில் கூட்டுறவு அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். கடன் மோசடி, காசு குறைவு போன்றவற்றுக்கு அந்த வழி தேவை, அதைத் தவிர்ப்பதுதான் தவறு. விலை எப்படிப் பகிர்வது என்ற கேள்விக்கு வெளியிலிருந்து தீர்ப்பு வந்திருந்தால், தோற்ற பக்கம் தீர்ப்புக்குப் பணிந்து, பாலை மட்டும் வேறு இடத்துக்குக் கொடுத்திருக்கும்.

கட்சி அரசியல் இன்னொரு தலைவலி. 2018 உள்ளூராட்சித் தேர்தல் நேரம் செயற்குழுவில் இருவர் வெவ்வேறு கட்சிகளுக்கு வேலை செய்து, குழுக்கூட்டமே பிரசாரக் கூட்டம்போல ஆனது. தேர்தலில் நிற்பவர் பதவியிலிருந்து விலகி நிற்பது என்று அதற்குப் பிறகு வாய்ப்பேச்சாக உடன்பட்டிருக்கிறார்கள். எழுத்தில் இன்னும் இல்லை.

இன்னும் தீராதவை

ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தார்கள். எதிர்த்த பெண்கள் சொன்னபடியே பொங்கல் கொடுப்பனவு குறைந்திருந்தது. அதை மாஸ்ரர் கூட்டத்தில் எழுந்து ஒத்துக்கொண்டார். அதற்குப் பரிகாரமாகத் தீவனத்தை மொத்தமாக வாங்கி அடக்க விலைக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். அது வீட்டு மாட்டுக்காரருக்குத்தான் அதிகம் பயன்பட்டது. இழப்பு முழுதாக ஈடாகவில்லை.

பரிசோதனை செய்த தங்கச்சி கூடச் சம்பளம் கிடைக்கிற வேலைக்குப் போய்விட்டாள். புதியவர் வந்தபோது முதல் மாதம் திரும்பவும் ‘ஆளுக்கு ஆள் பார்த்து எழுதுகினம்’ என்ற கதை கிளம்பியது. பெரியண்ணை அந்த மாதம் மூன்று சோதனைக்கும் வந்து நின்றார். இப்போது அவருக்கு வயதாகிவிட்டது, பட்டியை மகன் பார்க்கிறான். மகனுக்குச் சோதனை மேசையில் நிற்கப் பொறுமை இல்லை. தனியார் வான்காரர் கைத்தொலைபேசியில் அழைத்துப் பட்டியடிக்கே வருகிறார், காசும் அன்றைக்கே கையில். சங்கம் கொடுப்பது மாதத்தில் இரண்டு தடவை. இந்த இடைவெளியைக் குறைக்காமல் அடுத்த தலைமுறைப் பட்டிக்காரரைச் சங்கத்தில் வைத்திருப்பது கடினம் என்று செயலாளர் அக்காவே சொல்கிறார்.

பொதுக்கூட்டத்தில் அங்கத்தவரில் பாதிக்கு மேல் பெண்கள். எழும்பிக் கதைப்பவர்கள் இன்னும் நாலைந்து பேர்தான். மற்றவர்களின் கருத்து காலையில் பால் கொடுக்க வருகிற இடத்தில்தான் வெளிவருகிறது. அதனால் இப்போது கூட்டத்துக்கு முந்திய கிழமை செயலாளர் அக்கா நிலையத்தில் ஒரு கொப்பியோடு நின்று, வருகிறவர்களின் குறைகளை எழுதி எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போகிறார்.

அந்தக் கொப்பியில் இப்போது அடிக்கடி வருவது மேய்ச்சல் தரை. காடு வனத் திணைக்களம் போன்றவற்றின் எல்லைக்குள், தரவைகள் வயலாகின்றன, பட்டி மாடு போக இடமில்லை. பட்டிக்காரர் பொது மேய்ச்சல் நிலம் கேட்டு மனுக் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். வீட்டு மாட்டுக்காரர் சிலர் அதே காணியில் புல் வளர்த்து வெட்டிக் கொடுக்கலாம் என்கிறார்கள். வயல் செய்கிற அங்கத்தவர்களுக்கு இரண்டிலும் பயம், மாடு வேலி பாயும் என்று. அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன் மூன்று தரப்பிலிருந்தும் ஒவ்வொருவர் கிராம அலுவலரோடு போய்க் காணியை நேரில் நடந்து பார்த்து, எல்லையைக் குறித்துக்கொண்டு வருவதென்று தீர்மானித்திருக்கிறார்கள். வாக்கெடுப்பு அதற்கு அடுத்த கூட்டத்தில்.